ஆலங்கட்டி மழைக்குப் பிறகு: ரூஃப் கிளெய்மும் கதவைத் தட்டும் காண்ட்ராக்டரும்

டல்லாஸ் பக்கம் வசந்த காலம் என்றாலே ஆலங்கட்டி மழை. ராத்திரி கல் விழுந்தால், மறுநாள் காலையிலேயே ஏணி கட்டிய வண்டிகள் தெருவுக்குள் வந்துவிடும். "உங்கள் ரூஃபிலும் அடி தெரிகிறது, இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள். எங்கள் பகுதியில் முதல் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் என்னிடம் கேட்க வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். இது டெக்சாஸ் நிலவரம்; மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

கதவைத் தட்டியவரை ரூஃபில் ஏற விடாதீர்கள். சுத்தியலால் தட்டி அடையாளம் உண்டாக்குகிறவர்களும், நல்ல ஷிங்கிளை (ரூஃப் மேல் வரிசையாக ஒட்டும் ஓடு போன்ற தகடு) கிழித்துவிட்டுப் போட்டோ எடுக்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். உண்மையான ஆலங்கட்டி பார்த்துப் பார்த்து விழாது. ஷிங்கிளில் அடி இருந்தால், ரூஃப் மேலுள்ள தகர வென்ட்டிலும் மழைநீர்க் குழாயிலும் ஏசி யூனிட்டின் மெல்லிய தகடுகளிலும் பெரும்பாலும் குழி இருக்கும். தரையில் நின்றே இதில் பாதியைப் பார்த்துவிடலாம். மழைநீர்க் குழாய் வாயில் ஷிங்கிள் துகள்கள் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். உள்ளே ஒழுகினால் உடனே தார்ப்பாய் போட்டு மூடி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிப்படி உங்கள் பொறுப்பு. அதற்கான நியாயமான செலவைக் கிளெய்மில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கும்போது, சேர்த்துக் கேட்கலாம்.

அடுத்தது பாலிசியின் முதல் சில பக்கங்கள். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் (சேதச் செலவில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) பெரும்பாலும் தனியாக, சதவீதத்தில் இருக்கும். அது சேதத்தின் சதவீதம் இல்லை, வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையின் சதவீதம். வீடு 4,00,000 டாலருக்குக் காப்பீடு, டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால், உங்கள் கையிலிருந்து போவது 8,000 டாலர். ரூஃபுக்கு முழு மாற்றுச் செலவு கிடைக்குமா, தேய்மானம் கழித்த மதிப்பு மட்டும்தானா என்பதையும் பாருங்கள். பழைய ரூஃப் என்றால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்கு இப்படி. புது ரூஃபுக்கு 22,000 டாலர், தேய்மானம் 7,000 என்று அட்ஜஸ்டர் (இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிடுபவர்) எழுதுகிறார். தேய்மானத்தையும் டிடக்டிபிளையும் கழித்து முதல் செக் 7,000 வரும். முழு மாற்றுச் செலவு பாலிசி என்றால், வேலை முடிந்து பில் கொடுத்த பிறகு மீதி 7,000 வரும். ஆக கம்பெனி தருவது 14,000, நீங்கள் போடுவது 8,000.

இங்கேதான் வலை விரிப்பார்கள். "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு டாலர்கூடத் தர வேண்டாம்." எனக்குக் கோபம் வருவது இந்த வாக்கியத்தின் மீதுதான். 22,000 டாலர் வேலையை 14,000 டாலருக்கு முடிக்க வேண்டுமானால் எங்கேயோ குறைக்க வேண்டும்: பழைய ஃபிளாஷிங்கையே (இணைப்புகளில் தண்ணீர் புகாமல் தடுக்கும் தகடு) திரும்பப் பொருத்துவார்கள், அடித்தாளை மட்டமாகப் போடுவார்கள், அழுகிய பலகையை மாற்றாமல் மூடுவார்கள். அப்புறம் கம்பெனிக்கு 22,000 என்று பில் அனுப்புவார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் காண்ட்ராக்டர் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதோ ஏற்றுக்கொள்வதோ குற்றம். நீங்கள் டிடக்டிபிளைக் கட்டியதற்கு ஆதாரம் காட்டினால்தான் மீதிப் பணம் என்று கம்பெனி சொல்லவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இப்படிப் பேசுகிறவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

"பார்ப்பதற்கு அனுமதி மட்டும்தான்" என்று ஐபேடில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பல சமயம் அது, கிளெய்ம் கிடைத்தால் வேலையை அவருக்கே தருவேன் என்ற ஒப்பந்தம். ஏற்கெனவே போட்டிருந்தால் பதற வேண்டாம்: வாசலில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். "கம்பெனியோடு நாங்களே பேசிப் பணம் வாங்கித் தருகிறோம்" என்றாலும் விலகுங்கள். டெக்சாஸில் ரூஃபர் தான் வேலை செய்யும் வீட்டின் கிளெய்மை உங்கள் சார்பில் பேரம் பேசக் கூடாது.

கிளெய்மை நீங்களே போன் செய்து பதியுங்கள். அட்ஜஸ்டர் வரும் நாளில் வீட்டில் இருங்கள். நீங்கள் தேடிப்பிடித்த உள்ளூர் ரூஃபர் ஒருவரும் கூட இருந்தால் நல்லது. எந்த இடம் விட்டுப்போனது என்று அவர் காட்டலாம், அதில் தவறில்லை. டெக்சாஸில் ரூஃபருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. அதனால் அவருடைய லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் (அவர் வேலையால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடு செய்யும் காப்பீடு) சான்றிதழை அவர் ஏஜென்ட்டிடமிருந்தே நேராக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அட்ஜஸ்டர் எதையாவது விட்டிருந்தால் எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையா, டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

வீட்டுக் கடன் இருந்தால் செக்கில் கடன் கொடுத்தவர் பெயரும் சேர்ந்தே வரலாம். அவர்கள் கையெழுத்து வாங்க நாளாகும், ரூஃபரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடைசித் தவணை தரும் முன் ஏறத் தெரிந்த ஒருவரை வைத்து ஃபிளாஷிங்கைப் பாருங்கள், புல்வெளியில் காந்தம் உருட்டி ஆணி பொறுக்கச் சொல்லுங்கள். பொருள் கொடுத்த கடைக்கும் ஆட்களுக்கும் பாக்கி இல்லை, வீட்டின் மீது உரிமை கோர மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு செக்கைக் கொடுங்கள்.