கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் போகிறீர்களா? கூலிங்கை இப்படிப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கார்ட் பார்க்கும்போது ஆர்ஜிபி வண்ண விளக்கு வெளிச்சத்தில் மயங்காதீர்கள். ஏசி இல்லாத கொழும்பு அறை பகலில் 30 பாகையைத் தாண்டும். இங்கே கார்ட் நன்றாக ஓடுவதும் ஓடாததும் கூலிங்கின் கையில்தான்.

படி 1: வாட் எவ்வளவு? கார்ட் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். நல்ல இரண்டு ஃபேன் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட், அது வேறு கதை.

படி 2: கார்டைப் பக்கவாட்டில் பிடித்து போன் டோர்ச்சை அடியுங்கள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கவர் நீளமாக இருக்கும், உள்ளே அலுமினியத் தகடுகள் பாதியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட கார்டுக்கு மூன்றாவது ஃபேன் வெறும் அலங்காரம். சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் குழாய்களான ஹீட் பைப்களை எண்ணுங்கள். அவற்றுக்குள் இருக்கும் சொற்பத் திரவம் சிப்பின் சூட்டில் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, மறுபடி திரும்பி வருகிறது. மெமரி சிப்களும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) வழியாக ஹீட் சிங்கை, அதாவது அந்தத் தகடுத் தொகுதியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். கார்டின் பின்பக்கத்தை மூடும் பேக் பிளேட்டின் முனை திறந்திருந்தால் காற்று நேராக ஊடுருவிப் போகும். எனக்குப் பிடித்த அமைப்பு அது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஓடிய பழைய கார்ட் என்றால் ஸ்குரூக்களில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: கார்ட் பூட்டப்போகும் கம்ப்யூட்டர் கேசிங்கை அளந்துகொண்டு போங்கள். நீளம் மட்டும் போதாது, தடிப்பும் வேண்டும். தடிப்பை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள்; ஒரு ஸ்லாட் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர்.

படி 4: வீட்டில் கார்டின் சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து வைத்து, கனமான கேம் ஒன்றை அரை மணிநேரம் ஓட விடுங்கள். 22 பாகை அறையில் 68 வந்ததாக யூடியூபில் சொன்னால், அறையைவிட 46 கூட என்று எடுங்கள். நம் 31 பாகை அறையில் அதே கார்ட் 77 காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. பல என்விடியா கார்ட்கள் 83ஐ நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், ஆகவே அந்த வேகத்தைக் காட்டும் கிளாக் எண்ணிலும் ஒரு கண் இருக்கட்டும். ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) காட்டும் கார்டில், அது சாதாரண சூட்டைவிட 30 பாகை கூடினால் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று சந்தேகப்படலாம்; வாரன்டி இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சூடு அதிகமென்றால் கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை மறுபடி ஓட்டுங்கள். சூடு சட்டென்று இறங்கினால் குறை கார்டில் இல்லை. முன்பக்கத்தில் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் ஒன்று போட்டால் போதும்.