பிரசவத் தழும்பைப் போக்குகிறேன் என்று இதையெல்லாம் செய்யாதீர்கள்

பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் தெரியும் கோடுகளுக்கு என்ன வழி என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது ஏதாவதொரு எண்ணெயும் ‘ஒரே மாதத்தில் மறையும்’ என்ற வாக்குறுதியும்தான். மறையாது. இந்த விஷயத்தில் நடக்கிற பாதித் தவறு அந்த எதிர்பார்ப்பிலிருந்துதான் கிளம்புகிறது. எண்ணெய்க்குப் போகவில்லை என்றதும் எலுமிச்சை, அதற்கும் மசியவில்லை என்றால் சமையல் சோடா, அப்புறம் பிரஷ் என்று ஒவ்வொன்றாகக் கடுமையைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கோடு அப்படியே இருக்க, அதைச் சுற்றி நன்றாக இருந்த தோல் புண்ணாகி நிற்கும்.

தோலின் மேலடுக்குக்குக் கீழே இருந்து அதற்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் இழுவை தாங்காமல் சிதைந்து, அந்த இடம் தழும்பாக ஆறியதுதான் இந்தக் கோடு. உங்கள் அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை. நாம் தடவுகிற எண்ணெய் பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. கோடு விழாமல் தடுக்கக் கர்ப்ப காலத்திலேயே தடவும் கிரீம், எண்ணெய்கள் பற்றி 2012-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 6 ஆய்வுகளை, மொத்தம் 800 பெண்களின் தகவல்களை, சேர்த்துப் பார்த்தது. எதுவும் தடுத்தது என்று சொல்ல உறுதியான சான்று கிடைக்கவில்லை. விழுந்த பிறகு அழிப்பது அதைவிடக் கஷ்டம்.

சரி, அப்போது எண்ணெயே வேண்டாமா? தாராளமாகத் தடவலாம். தோல் வறண்டு, இழுத்துப் பிடித்து, அரிக்கிற சமயத்தில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ இதமாக இருக்கும், அதுவே போதுமான காரணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புதிதாக விழுந்த கோடு சிவப்பாகவோ ஊதாவாகவோ, மாநிறத் தோலில் கரும்பழுப்பாகவோ இருக்கும். பல மாதங்களில் அது தானாகவே வெளிறி வெள்ளிக் கோடாக மாறும். நீங்கள் ஒன்றுமே தடவாவிட்டாலும் மாறும். இந்த வெளிறலைத்தான் எண்ணெய் விற்பவர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆயுர்வேதம் என்ற பெயரில் சுற்றுகிற பலவற்றுக்கும் ஆயுர்வேதத்துக்கும் சம்பந்தமில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் இந்தக் கோட்டுக்குக் கிக்கிஸம் என்று பெயர். கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் நெஞ்சிலும் வயிற்றிலும் எரிச்சலும் அரிப்பும் வந்து, அதிலிருந்து இது உண்டாகிறது என்கிறது அந்த நூல். அங்கே சொல்லப்படும் வைத்தியம் மூலிகை சேர்த்துப் பக்குவம் செய்த வெண்ணெய், சந்தனமும் தாமரைத் தண்டும் அரைத்த பூச்சு போன்றவை. சொறியாதே, தாங்க முடியாவிட்டால் தேய்த்துவிட்டுக்கொள் என்றும் இருக்கிறது. எல்லாமே குளிர்ச்சியான, மென்மையான பொருட்கள். எலுமிச்சையை வெட்டி வயிற்றில் தேய்க்கச் சொல்வது எங்கிருந்து வந்ததோ!

எலுமிச்சைதான் இருப்பதிலேயே மோசம் என்பேன். அதன் சாற்றிலும் தோலிலும் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது நம் உடம்பின் மேல் இருக்கும்போது வெயில் பட்டால் எதிர்வினை நடக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்பளமே போட்டு, சாறு வழிந்த தடம் அப்படியே கருத்துப் போகும். சாறு பட்ட விரலிலும் வரும். அந்தக் கருப்பு போக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். சமையல் சோடா வேறு வகை. ஆரோக்கியமான தோலின் பிஎச் அளவு சுமார் 5, லேசான அமிலம், சோடா காரம். தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்பு அடுக்கு கெட்டு, வறட்சிதான் கூடும். சர்க்கரை, காபித்தூள் வைத்துப் பரபரவென்று தேய்ப்பதும் இதே ரகம், கீழே இருக்கும் தழும்பை மேலே உரசி எடுக்க முடியாது.

கற்றாழை நல்லதுதான், எடுக்கிற விதத்தில்தான் பிசகு. மடலை வெட்டியதும் பச்சைத் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் வடியும், அது சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சிறிது நேரம் நிறுத்தி அந்தப் பாலை வடியவிட்டு, கழுவி, நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுங்கள். வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை உடைத்து நேரடியாகப் பூசுவதிலும் ஒவ்வாமை வர வாய்ப்புண்டு. எதுவானாலும் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஓரிரு நாள் பார்த்துவிட்டு வயிற்றுக்குப் போங்கள்.

சிசேரியன் ஆனவர்கள் காயம் முழுதாக ஆறி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தையல் பக்கம் எந்த எண்ணெயும் மூலிகையும் போகக் கூடாது. மார்பில் விழுந்த கோடுகளுக்குத் தடவினால் அது குழந்தையின் வாய்க்குப் போகும், அதனால் காம்பைச் சுற்றி வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, புதிதாக இதே மாதிரிக் கோடுகள் விழும். எதைப் போக்க நினைத்தீர்களோ அதுவே! ‘மூலிகை’ என்று எழுதி உள்ளே ஸ்டீராய்டு கலந்து விற்பதும் உண்டு, ஆகவே என்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள். உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் பஸ்மம், செந்தூரம் கலந்த உள்மருந்துகளையும் பால் கொடுக்கும் காலத்தில் சுயமாகச் சாப்பிட வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் விற்ற 70 ஆயுர்வேத உள்மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

கோடுகள் மேலேயே சிவந்த தடிப்புகள் கிளம்பி அரித்தால் அதைத் தழும்பின் அரிப்பு என்று விட்டுவிடாதீர்கள், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் தனிச் சொறி அது, காட்டினால் சீக்கிரம் அடங்கும். கோடு உண்மையிலேயே உறுத்துகிறது என்றால் அது சிவப்பாக இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். லேசர் போன்ற சிகிச்சைகள் அந்தக் கட்டத்தில்தான் ஓரளவு எடுபடும், வெள்ளையான பிறகு கஷ்டம். அவர் எழுதுவதற்கு முன் நீங்கள் பால் கொடுப்பதையும், அடுத்த குழந்தைக்குத் திட்டம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கோடுகளுக்கு எழுதப்படும் டிரெட்டினாயின் கிரீமைக் கர்ப்ப காலத்தில் பூசக் கூடாது.