வட சென்னையிலிருந்து ஏலகிரி சுவாமிமலைக்கு: உள்ளூர் வழிகாட்டியோடு ஒரு வார இறுதி மலையேற்றம்

கடல் மட்டத்தை ஒட்டிய சமதரையிலேயே வாழ்ந்து பழகிய ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிவாசிகளுக்கு மலையேற்றத்தில் முதலில் கைவிடுவது கால்கள்தாம். காசிமேட்டிலிருந்து கடலோரமாக நாள்தோறும் வேக நடை போடுபவருக்கு மூச்சு தாங்கிவிடும். முழங்காலும் தொடையும் தாங்கும் என்று சொல்ல முடியாது, ஏனெனில் நம் பக்கத்தில் ஏற்ற இறக்கம் என்பதே மேம்பாலங்களில்தான் இருக்கிறது. ஆகவே, புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி போன்ற உயர்த்திக் கட்டப்பட்ட மெட்ரோ நிலையங்களின் படிக்கட்டுகளில், நகரும் படியை மறந்துவிட்டு, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பழக வேண்டும். இறங்குவதை மெதுவாகப் பழகுவது முக்கியம். இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் வரும் வலிக்கும் அதுவே காரணம்.

முதல் மலையாக ஏலகிரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. திருப்பத்தூர் மாவட்டத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையின் மேல் வரை பேருந்துச் சாலை இருப்பதால், அங்குள்ள உயர்ந்த சிகரமான சுவாமிமலைக்கு மங்கலம் கிராமத்திலிருந்து நடக்கத் தொடங்கும்போதே உயரத்தின் பெரும்பகுதியை வாகனத்தில் கடந்திருப்பீர்கள். மீதியை ஏறி இறங்க அரை நாள் போதும்.

அடுத்தது அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையவழி முன்பதிவையும் தொடங்கியது. சுவாமிமலைப் பாதை அவற்றுள் ஒன்று. பாதையோரக் கிராமங்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். சமூக ஊடகத்தில் எண்ணைப் போட்டு, 'அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அழைப்பவர்களிடம் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காட்டுத் தீக் காலத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகளை மூடிவிடுவது வழக்கம். அந்த நாட்களில் எவரேனும் அழைத்துச் செல்வதாகச் சொன்னால் அதுவே போதுமான எச்சரிக்கை. மழை ஓய்ந்து, புல் இன்னும் காயாத டிசம்பரும் ஜனவரியும் நம் போன்றவர்களுக்கு ஏற்ற மாதங்கள்.

வழிகாட்டியை வழி காட்டுபவராக மட்டும் எண்ணுவதில்தான் நகரத்தார் பலர் சறுக்குகிறார்கள். எவ்வளவு வேகமாக நடப்பது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது ஆகிய மூன்று முடிவுகளையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியைத் தொடாமல் போவதா' என்ற வாதத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறுவது நலம். ஏலகிரியில் காலங்காலமாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் மலையில் வாழ்பவர் என்று பொருள்படுமே தவிர, கேரளத்தோடு தொடர்பில்லை, அவர்கள் பேசுவது தமிழே. மூத்தவரை 'அண்ணே' என்று அழைக்கலாம். வயதில் சிறியவராக இருந்தால் 'தம்பி, வாங்க' என்பதே முறை. கூலி கொடுக்கிறோம் என்பதற்காக 'வா, போ' என்று பேசுவது அழகல்ல.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "தோ, பக்கந்தான்" என்ற பதிலே வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய காலுக்கு அது பக்கம்தான். அதற்குப் பதிலாக, அடுத்த நிழல் எங்கே, வழியில் தண்ணீர் உண்டா, செங்குத்தான ஏற்றம் எந்த இடத்தில் வரும் என்று ஏறும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் பயனுள்ள விவரம் கிடைக்கும். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு நேர் பின்னாலும், நன்றாக நடப்பவர் கடைசியிலும் வர வேண்டும். வரிசையின் வேகத்தை மெதுவானவரே தீர்மானித்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். முழங்கால் வலி, ஆஸ்துமா, சர்க்கரை நோய் முதலியவற்றைக் கூச்சப்படாமல் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இறங்கும்போது புல்லும் பாறைமேல் கிடக்கும் சருகும் காலை வாரிவிடும். பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்க வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொண்டால், விரல் நுனி முன்பக்கம் போய் இடித்து நகம் கறுக்காது. கால் நகங்களை வீட்டிலேயே வெட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

பையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் விளையாட்டுச் சட்டையும் ட்ராக் பேன்ட்டும் போதும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டார்ச், மழை அங்கி, தொப்பி ஆகியவை அவசியம். சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லியே சிறந்தது. தேங்காய்ச் சட்னி நண்பகலுக்குள் ஊசிப்போகும். சென்ட் அடித்துக்கொள்ள வேண்டாம்: பாறை இடுக்கில் கூடு கட்டும் மலைத்தேனீக்களை மணமும் புகையும் சீண்டிவிடும். கரடி நடமாட்டமுள்ள மலை என்பதால், அலைபேசியில் முழுச் சத்தத்தில் பாட்டு வைப்பதையும், தனியாகப் புதர்ப் பக்கம் ஒதுங்குவதையும் வழிகாட்டி தடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு, வெள்ளி மாலை சென்ட்ரலிலிருந்து புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் வசதியானது. இரவு ஜோலார்பேட்டையில் தங்கி, சனி விடியற்காலையில் மலைக்குச் செல்லலாம். மலைச்சாலை தொடங்கும் ஊரின் பெயரும் பொன்னேரி என்பதால், வரைபடத்தில் வெறுமனே 'பொன்னேரி' என்று தேடினால் அது உங்களைக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் உள்ள நம் பொன்னேரிக்கு அனுப்பிவிடக்கூடும். மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்கள் முன் இருக்கையில் அமரலாம். நடையைச் சனிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது. மழையால் தள்ளிப்போனாலும் ஞாயிறு காலை கையில் இருக்கும். தள்ளிப்போகாவிட்டால் அன்று ஜலகாம்பாறை அருவிக்குப் போகலாம். ஆம்பூர் பிரியாணி ஆசையைத் திரும்பும் வழிக்கு ஒத்திவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை சென்னைக்கு வரும் ரயில்களில் கூட்டம் மிகுதி என்பதால், மலையேற்ற அனுமதி உறுதியான அன்றே திரும்பும் பயணச்சீட்டையும் எடுத்துவிட வேண்டும். திங்கள் காலை தாமதமாக வேலைக்குச் செல்லக்கூடியவர்களுக்கு அன்று விடியற்காலை ஜோலார்பேட்டையிலிருந்தே கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸும் உண்டு.