வின்டர் பில்லைக் குறைக்க ரூம் ஹீட்டர் வாங்கப் போறீங்களா, முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

நவம்பர் பொறந்துட்டா கனடால டொராண்டோ பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் வாசல்லயே ஹீட்டரை அடுக்கி வச்சிருப்பாங்க. ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க முதல் குளிருக்கே நடுங்கிப்போய் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுவாங்க, வீடு முழுக்க சூடு பண்றதுக்குப் பதிலா நாம இருக்கிற ரூமை மட்டும் சூடு பண்ணா காசு மிச்சம்தானேன்னு. ஸ்கார்பரோல பேஸ்மென்ட்ல இருந்தப்ப நானும் அப்படித்தான் வாங்கி ராத்திரி முழுக்க ஓட விட்டேன், அடுத்து வந்த ஹைட்ரோ பில்லைப் பார்த்து (இங்க கரண்ட் பில்லுக்கு அதான் பேரு) வயிறு கலங்கிடுச்சு. அப்புறம்தான் பேப்பர் பேனா எடுத்து கணக்குப் போட ஆரம்பிச்சேன். அந்தக் கணக்கை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதனால இப்ப எழுதுறேன்.

முதல் விஷயம், ஹீட்டரை வாங்கி வச்சிட்டு தெர்மோஸ்டாட்டை (வீடு மொத்தத்துக்கும் எத்தனை டிகிரின்னு செட் பண்ற சுவர்ப் பெட்டி) 21 டிகிரிலயோ 22லயோ அப்படியே விட்டா ஒரு காசு கூட மிச்சமாகாது, வீட்டு ஹீட்டிங் செலவு பெருசாக் குறையாது, அதுக்கு மேல கரண்ட் பில்லும் ஏறும். மிச்சம் வர்றது தெர்மோஸ்டாட்டைக் குறைக்கிறதுல மட்டும்தான், அப்படிக் குறைச்சப்புறம் நீங்க உக்காந்திருக்கிற இடம் குளிராம இருக்கத்தான் ஹீட்டர். இங்க தப்பு பண்றவங்கதான் அதிகம்.

ரெண்டாவது, 50 டாலர் ஹீட்டரா இருந்தாலும் 300 டாலர் ஹீட்டரா இருந்தாலும் 1500 வாட்னு போட்டிருந்தா ரெண்டும் ஒரே சூட்டைத்தான் தரும். கரண்ட்ல ஓடுற சாதாரண ஹீட்டர் எல்லாமே இழுக்கிற கரண்ட்டை மொத்தமா சூடா மாத்திடும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. டப்பா மேல இன்ஃப்ராரெட், குவார்ட்ஸ், எகோ, கரண்ட் பில் பாதியாகும்னு என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. போட்ட கரண்ட்டை விட ரெண்டு மூணு மடங்கு சூடு தரணும்னா அது ஹீட் பம்ப் மட்டும்தான், அது சுவர்ல மாட்டுற வேற சமாச்சாரம்.

சரி கணக்குக்கு வருவோம். 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிக்காம ஓடினா ஒன்றரை யூனிட் (பில்லுல kWhனு இருக்கும்). ராத்திரி 8 மணி நேரம்னா 12 யூனிட், மாசத்துக்கு 360 யூனிட். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர்னா ரூம் சூடானதும் நின்னு நின்னு ஓடும், அதனால பாதின்னு வச்சுக்கிட்டா 180 யூனிட். உங்க பில்லுல ஒரு யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 10 சென்ட் ஆகுதுன்னா அதுக்கே 18 டாலர்.

இப்ப கேஸ் பக்கம் பாருங்க. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல நிறைய வீட்ல கேஸ் ஃபர்னஸ்தான் (கேஸை எரிச்சு வீடு முழுக்க சூடு காத்து அனுப்புற மெஷின்). ஒரு கியூபிக் மீட்டர் கேஸை நல்ல ஹை எஃபிஷியன்ஸி ஃபர்னஸ்ல எரிச்சா கிட்டத்தட்ட 10 யூனிட் அளவுக்கு சூடு கிடைக்கும். அதனால கணக்கு ரொம்ப சுலபம், கேஸ் பில்லுல மாசா மாசம் வர்ற ஃபிக்ஸட் சார்ஜை மட்டும் கழிச்சிட்டு மீதித் தொகையை நீங்க எரிச்ச கியூபிக் மீட்டரால வகுங்க, வர்றதைப் பத்தால வகுங்க, அதான் கேஸ்ல ஒரு யூனிட் சூட்டுக்கு நீங்க குடுக்கிற விலை. உதாரணத்துக்கு கியூபிக் மீட்டர் 45 சென்ட் ஆகுதுன்னா ஒரு யூனிட் சூடு நாலரை சென்ட். கரண்ட்ல அதே சூடு 10 சென்ட்லயிருந்து 20 சென்ட் வரைக்கும் போகும். அதாவது கேஸ் வீட்ல ஹீட்டர் போடுறது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெண்டு மடங்குக்கு மேல விலை குடுத்து சூடு வாங்குறது.

அப்போ தெர்மோஸ்டாட்டைக் குறைச்சா எவ்வளவு மிச்சமாகும்? ஜனவரில வெளிய சராசரி மைனஸ் 5, உள்ள 21னா வித்தியாசம் 26 டிகிரி, நாள் முழுக்க 3 டிகிரி குறைச்சா அதுல ஒம்போதுல ஒரு பங்கு, கேஸும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். மாசம் 400 கியூபிக் மீட்டர் எரியிற வீடுன்னா 46 கியூபிக் மீட்டர், அதாவது 20 டாலர் கிட்ட. ராத்திரி 8 மணி நேரம் மட்டும் குறைச்சா அதுல மூணுல ஒண்ணு, 7 டாலர். 7 டாலரை மிச்சம் பண்ண 18 டாலருக்கு ஹீட்டர் ஓட்டுறோம், இதுதான் நிறைய கேஸ் வீட்ல நடக்கிற உண்மை. அதனால கேஸ் ஃபர்னஸ் வச்சிருக்கிறவங்க ராத்திரி தெர்மோஸ்டாட்டைக் குறைச்சிட்டு கனமான போர்வைல படுங்க, ஹீட்டர் வேண்டாம். அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட்டே சொல்றது, தினமும் 8 மணி நேரம் 7லயிருந்து 10 ஃபாரன்ஹீட் டிகிரி குறைச்சா வருஷ ஹீட்டிங் செலவுல 10 சதவீதம் வரைக்கும் மிச்சம் பண்ணலாம்னு. அதுக்கு எதுவும் வாங்கத் தேவையில்ல.

யாருக்கு ஹீட்டர் உண்மையிலேயே லாபம்னா, டவுனுக்கு வெளிய ஆயில்லயும் புரொப்பேன்லயும் ஓடுற வீடுங்க. ஆயில் லிட்டருக்கு 9 யூனிட் சூடு, புரொப்பேன் லிட்டருக்கு ஆறரை யூனிட் கிட்ட கிடைக்கும், உங்க லிட்டர் விலையை அதால வகுத்துப் பாருங்க, நிறைய சமயம் கரண்ட்டை விட அதிகமாவே வரும். கரண்ட் பேஸ்போர்டு (சுவரோட அடில நீளமா மாட்டியிருக்கிற ஹீட்டர்) வச்ச பழைய அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு சூட்டோட விலை ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா எல்லா ரூம்லயும் குறைச்சிட்டு நீங்க உக்கார்ற மேஜைப் பக்கத்துல சின்ன ஹீட்டர் வச்சா நிச்சயம் மிச்சம். அப்புறம் பெரிய வீட்ல ஒரே ஆள் பகல் பூரா ஒரே ரூம்ல உக்காந்து வீட்ல இருந்தே வேலை பாக்குறீங்க, வீடு மொத்தத்தையும் 16க்கு இறக்க முடியும்னா கேஸ் வீட்லயும் கணக்கு உங்க பக்கம் வர வாய்ப்பிருக்கு.

அதுலயும் ரூமை சூடு பண்றதை விட ஆளை சூடு பண்றதுதான் பெரிய வித்தை. 1500 வாட்ல ரூமையே காய வைக்கிறதுக்குப் பதிலா கால் பக்கத்துல 400 வாட் ரேடியன்ட் ஹீட்டர் ஒண்ணு வைங்க, அடுப்புப் பக்கத்துல உக்கார்ற மாதிரி சூடு நேரா உடம்புல படும், காத்து சூடாகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கரண்ட் போர்வை 100 வாட் கிட்டத்தான் இழுக்கும், 8 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. வயசான அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்து குளிர் தாங்காம ஹால்ல உக்காந்திருக்காங்கன்னா, தெர்மோஸ்டாட்டை 24க்கு ஏத்துறதுக்கு முன்னாடி அந்தப் போர்வை ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஆனா சுகர் இருந்து கால் மரத்துப் போனவங்களுக்கு மட்டும் வேண்டாம், சுடுறது தெரியாமலே தோல் வெந்துடும்.

ஓட்டுற நேரமும் முக்கியம். டைம் ஆஃப் யூஸ்னு நேரத்துக்கு நேரம் கரண்ட் ரேட் மாறுற பிளான்ல வின்டர்ல (நவம்பர் 1லயிருந்து ஏப்ரல் 30 வரைக்கும்) வார நாள் காலைல 7லயிருந்து 11, சாயங்காலம் 5லயிருந்து 7 தான் பீக், நடுப்பகல் மிட் பீக், ராத்திரி 7லயிருந்து காலைல 7 வரைக்கும், அப்புறம் சனி ஞாயிறு பூரா ஆஃப் பீக். 2024 நவம்பர்ல இது அதே வரிசைல யூனிட்டுக்கு 15.8, 12.2, 7.6 சென்ட், அதுக்கப்புறம் ஏறியிருக்கு, ஆனா பீக் ஆஃப் பீக்கை விட ரெண்டு மடங்குங்கிற கணக்கு மாறல. 2023 மே மாசத்துல இருந்து அல்ட்ரா லோ ஓவர்நைட்னு ஒரு பிளான் இருக்கு, அதுல ராத்திரி 11லயிருந்து காலைல 7 வரைக்கும் ரேட் ரொம்பக் குறைவு. இந்தப் பிளான்ல மட்டும் ராத்திரி ஹீட்டர் கேஸோட போட்டி போடும், ஆனா வார நாள் சாயங்காலம் 4லயிருந்து 9 வரைக்கும் விலை தூக்கிடும், நம்ம வீட்ல சமையல் நடக்கிறதே அப்பதான், அதனால பிளான் மாத்துறதுக்கு முன்னாடி யோசிங்க.

வைக்கிற இடத்துல ஒரு பெரிய பொறி இருக்கு. தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிற ஹால்லயே ஹீட்டரைப் போட்டா, வீடு முழுக்க சூடாயிடுச்சுன்னு நினைச்சு ஃபர்னஸ் நின்னுடும், கடைசில வெளிச் சுவர் ஓரம் ஓடுற தண்ணி பைப் உறைஞ்சு வெடிக்கிற நிலைமைக்குப் போகலாம். வீட்டை 15, 16க்குக் கீழ விடாதீங்க. கதவைச் சாத்துங்க, ஜன்னல்ல பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டுங்க, கதவுக்கு அடில துண்டைச் சுருட்டி வைங்க, சூடு காத்து வர்ற வென்ட் மேல சோஃபா இருந்தா நகத்துங்க, ஃபர்னஸ் ஃபில்டரை மாத்துங்க. இது எதுவும் செய்யாம ஹீட்டர் போட்டா ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துற கதைதான்.

வகைன்னு பாத்தா, படுக்கிற ரூமுக்கு ஆயில் நிரப்பின ரேடியேட்டர், சத்தம் இருக்காது, ஆஃப் பண்ணப்புறமும் கொஞ்ச நேரம் சூடு நிக்கும். சட்டுனு சூடு வேணும்னா செராமிக் ஃபேன் ஹீட்டர். உக்கார்ற இடத்துக்கு ரேடியன்ட். எதுவா இருந்தாலும் தெர்மோஸ்டாட், கீழ சாஞ்சா தானா நிக்கிற சுவிட்ச், பாதுகாப்பு சோதனைல தேறினதுக்கான சிஎஸ்ஏ (CSA) இல்லன்னா சியுஎல் (cUL) முத்திரை மூணும் இருக்கணும், முத்திரை இல்லாத மலிவுச் சரக்கை ஆன்லைன்ல வாங்காதீங்க. ரூமோட சதுர அடிக்கு 10 வாட்னு கணக்கு வச்சா 1500 வாட் 150 சதுர அடி ரூமுக்குச் சரியா இருக்கும்.

இனிமே சொல்றதை தயவுசெஞ்சு வேகமாப் படிச்சிட்டுப் போகாதீங்க. ஹீட்டரை சுவர்ல இருக்கிற அவுட்லெட்ல நேராத்தான் சொருகணும், பவர் பார், எக்ஸ்டென்ஷன் கார்டு ரெண்டும் கூடவே கூடாது. 1500 வாட்னா பன்னிரண்டரை ஆம்ப், இங்க ரூம் சர்க்யூட்டே பெரும்பாலும் 15 ஆம்ப்தான், அதே லைன்ல ஹேர் ட்ரையரோ இன்னொரு ஹீட்டரோ போட்டா பிரேக்கர் விழும். விழுந்ததும் மறுபடி மறுபடி தூக்கி விடாதீங்க, அது உங்களைக் காப்பாத்தத்தான் விழுது. ஓட ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க, லேசா வெதுவெதுப்பா இருந்தா சரி, கை வைக்க முடியாம சுட்டாலோ அவுட்லெட் பழுப்பேறியிருந்தாலோ உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, பழைய வீடுகள்ல அவுட்லெட் உள்ள வயர் லூசா இருக்கும்.

சுத்தி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் காலியா இருக்கணும், கர்ட்டன், மெத்தை, குழந்தை பொம்மை எதுவும் கூடாது. வின்டர்ல துணி காயலன்னு ஹீட்டர் மேல துண்டைப் போடுறதை நான் எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன், பாக்கும்போதே பதறுது. வெளிய போறப்பவும் தூங்கப் போறப்பவும் ஆஃப் பண்ணி பிளக்கை உருவிடுங்க, ராத்திரி போட்டே ஆகணும்னா ஆயில் ரேடியேட்டர் மட்டும், அதுவும் கம்மி வாட்ல, ஸ்மோக் அலாரம் வேலை செய்யுதான்னு பட்டனை அமுக்கிப் பாத்தப்புறம். பாத்ரூம்ல வேண்டாம். வெளிய கேம்பிங்ல வைக்கிற புரொப்பேன் ஹீட்டரை கரண்ட் மிச்சம்னு வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும்.

பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. தெர்மோஸ்டாட் மேல் வீட்ல இருக்கும், நீங்க கீழ நடுங்கிட்டு இருப்பீங்க, சொந்தக்காசுல ஹீட்டர் வாங்கி ஓட்டுவீங்க. ஒன்டாரியோ சட்டப்படி செப்டம்பர் 1லயிருந்து ஜூன் 15 வரைக்கும் வாடகை வீட்ல குறைஞ்சது 20 டிகிரி இருக்கிற மாதிரி ஓனர்தான் பாத்துக்கணும். முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ரெண்டு மூணு நாள் காலைலயும் ராத்திரியும் குறிச்சு வைங்க, போட்டோ எடுங்க, அப்புறம் அண்ணே இவ்வளவுதான் இருக்குன்னு தன்மையாப் பேசுங்க. நம்ம ஆளுங்கதானேன்னு சங்கடப்பட்டு குழந்தையைக் குளிர்ல படுக்க வைக்காதீங்க.

வாங்கிட்டீங்கன்னா முதல் வாரம் ஹீட்டர் இல்லாம, அடுத்த வாரம் ஹீட்டரோட, தினமும் ஒரே நேரத்துல கேஸ் மீட்டரையும் கரண்ட் மீட்டரையும் எழுதி வைங்க, பக்கத்துலயே அன்னைக்கு வெளிய எத்தனை டிகிரின்னும் போடுங்க, ஏன்னா மைனஸ் 15 வாரத்தையும் ப்ளஸ் 2 வாரத்தையும் ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. கேஸ்ல குறைஞ்ச டாலரை விட கரண்ட்ல ஏறின டாலர் அதிகமா இருந்தா ரசீதோட கடைல திருப்பிக் குடுத்துடுங்க, அதனால ரிட்டர்ன் பண்ற தேதி முடியுறதுக்குள்ள இதைச் செஞ்சு பாத்துடணும்.