தூக்கம் உடம்பில் ஒட்டியதா என்று அளப்பது எப்படி?

என் கைக்கடிகாரம் காலையில் பச்சை வட்டம் போட்டு "86, நல்ல தூக்கம்" என்று பாராட்டும். நானோ பதினொரு மணிக்குக் கொட்டாவி விட்டபடி, ஒரே பில்லை மூன்றாவது முறை கூட்டிக்கொண்டிருப்பேன். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்பார்களே, அந்த மாதிரி தூங்கியதும் ஒட்டவில்லை. ஒட்டுகிறதா, எந்த நாளில் ஒட்டுகிறது என்பதை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். அந்த முறைதான் இது.

பெரியவர்கள் இரவில் 7 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2015இல் பரிந்துரைத்தது. ஏறக்குறைய அவ்வளவு தூங்கியும் அசதி தீராதவர்களுக்காக எழுதுகிறேன். 4 மணி நேரம் தூங்குகிறவருக்கு அளவுகோல் எதற்கு? பாயைப் போடச் சொல்லுங்கள்.

படி 1: தொடக்க மதிப்பெண்

ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரி ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று 8 சூழல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகலில் தூக்கம் வரும் போக்கு அதிகம் என்று பொருள்.

மதியம் ஓய்வாகப் படுத்திருக்கும்போது என்பதும் அந்த எட்டில் ஒன்று. மதியம் படுக்கும் வழக்கமே எனக்கு இல்லை என்று அதற்கு 0 போட்டேன். அது தவறு. படுத்தால் தூங்கிவிடுவேனா என்பதுதான் கேள்வி. திருத்தியபோது அது 3 ஆனது.

தூக்கத்தின் தரத்தை அளக்கும் பிட்ஸ்பர்க் வினாத்தாளையும் (1989) பலர் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் கடந்த ஒரு மாதத்தை நினைவிலிருந்து கேட்கிறது. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தேன் என்பதற்கே எனக்குச் சாட்சி தேவைப்படுகிறது.

படி 2: இரவுக் கணக்கு

படுத்த நேரம், தூங்கிப்போயிருக்கக்கூடிய நேரம், இடையில் விழித்த மொத்த நிமிடங்கள், கடைசியாக விழித்த நேரம், எழுந்த நேரம். தினமும் ஒரு வரி, இரண்டு வாரம். காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். நடுராத்திரியில் மணி பார்க்காதீர்கள், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

என் நோட்டில் ஒரு வரி: 10:45க்குப் படுத்தேன், 11:10க்குத் தூக்கம், இடையில் 20 நிமிடம் விழிப்பு, 5:50க்கு விழித்து 6:15க்கு எழுந்தேன். படுக்கையில் 450 நிமிடம், தூங்கியது 380. வகுத்தால் 84 சதவீதம். பொதுவாக 85க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். இந்த எண் தூக்கம் எவ்வளவு தொடர்ச்சியாக வந்தது என்பதைத்தான் சொல்லும். தெளிந்து எழுந்தோமா என்பது அதில் இல்லை.

படி 3: காலை மதிப்பெண்

தூக்கத்தால் கிடைக்கும் புத்துணர்வை மட்டும் அளக்க 2014இல் ஒரு வினாத்தாள் வெளியானது. அதன் வாராந்திர வடிவத்தில் 9 கேள்விகள். தினமும் அத்தனைக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லாததால், என் உபயோகத்துக்கு நான்கை நானே எழுதிக்கொண்டேன். களைப்பு, தெளிவு, எரிச்சல், உற்சாகம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 16. மருத்துவ அளவுகோல் என்று இதை எவரிடமும் காட்டாதீர்கள்; உங்கள் நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டுமே உதவும்.

நான் இரண்டு வாரத்தை வீணாக்கியது இந்தப் படியில்தான். அலாரத்தை அணைத்ததும் படுக்கையிலேயே மதிப்பெண் போட்டேன். வார நாட்களில் 5, 6; ஞாயிற்றுக்கிழமை 12. வேலைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, புதுத் தலையணைகூட வாங்கிவிட்டேன். உண்மையில் நான் அளந்தது தூக்கக் கலக்கத்தை. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது அலாரம் எழுப்பினால் மூளை முழுதாக விழிக்கச் சற்று நேரமாகும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட. எவ்வளவு நன்றாகத் தூங்கியிருந்தாலும் அந்த நேரத்தில் உலகமே எரிச்சலாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அலாரம் கிடையாது, அவ்வளவுதான்.

இப்போது பல் தேய்த்து, முகம் கழுவி, பால் வாங்கி வந்த பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன். எழுந்து 40 நிமிடம் ஆகியிருக்கும். தினமும் ஏறக்குறைய அதே இடைவெளி இருக்க வேண்டும். காபி அதற்குப் பிறகுதான். திட்டாதீர்கள், காபி குடித்துவிட்டுப் போட்டால் மதிப்பெண் காபிக்குத்தான் சேரும்.

இன்னொன்று: நோட்டில் எழுதும் வரை கடிகாரத்தின் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். 86 என்று பார்த்த பிறகு "களைப்பு 3" என்று எழுதக் கை வராது. கடிகாரம் கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. தூக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலைகளைப் பதிய வேண்டும்; அது தூக்க ஆய்வகத்து வேலை. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் சரிபார்க்க மட்டுமே கடிகாரத்தை நம்புகிறேன். செயலிகளும் எனக்கு ஆகாது. மதிப்பெண் போடக் கைபேசியை எடுத்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே வைக்கிறேன்.

படி 4: பகலில் இருமுறை

காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும், அப்போது எவ்வளவு தூக்கம் வருகிறது என்பதற்கு ஓர் எண். கரோலின்ஸ்கா அளவுகோலில் 1 என்றால் முழு விழிப்பு, 9 என்றால் தூக்கத்தோடு போராட்டம். மாலை எண் மதியச் சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும். எனவே 11 மணி எண்ணுக்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

படி 5: படித்துப் பார்ப்பது

தனி நாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 14 நாள் முடிந்ததும், காலை மதிப்பெண் அதிகமாக வந்த நான்கு நாட்களையும் குறைவாக வந்த நான்கு நாட்களையும் எடுத்து, முந்தைய மாலை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். என் நான்கு மோசமான நாட்களில் மூன்று, மாலை 6 மணிக்கு மேல் காபி குடித்தவை. 400 மில்லிகிராம் காஃபினைப் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. என் ஒரு டம்ளர் அவ்வளவு இராது. இருந்தாலும் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு வாரம் அளந்தேன். காலைச் சராசரி 8லிருந்து 11 ஆனது. தலையணையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

பின்சேர்க்கை 1: "தினமும் எனக்குக் காலை மதிப்பெண் 8தான் வருகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். களைப்பையும் எரிச்சலையும் திருப்பிப் போட வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டது என் பிழை. அவை இரண்டுக்கும் 4லிருந்து கழித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மிக நல்ல நாளிலும் 0+4+0+4, மிக மோசமான நாளிலும் 4+0+4+0.

பின்சேர்க்கை 2: இரவுப் பணி செய்யும் ஒரு செவிலியர் கேட்டார். உங்களுக்குக் "காலை" என்பது நீண்ட தூக்கத்திலிருந்து எழும் நேரம், அது பிற்பகல் 3 மணியானாலும். 11 மணிக்கும் 4 மணிக்கும் பதிலாக, எழுந்து 5 மணி நேரத்திலும் 10 மணி நேரத்திலும் எண்ணைப் போடுங்கள். பணி நாளையும் விடுப்பு நாளையும் ஒரே சராசரியில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொல்வது, வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் 14 நாள் காத்திருக்க வேண்டாம். எழுதிய வரை நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.