மலைப்பாதையில் ஓடும் பழைய காருக்குக் குளிர்ந்த காற்று: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய பழைய சிறிய கார், கல்லாரைக் கடந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்து திணறுவதை நீலகிரியில் வண்டி ஓட்டும் எவரும் அறிவர். ஏற்றம் மட்டுமே இதற்குக் காரணமன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்குள்ள குளிர் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்தாலும், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உயரத்தால் வரும் இந்த இழப்பை எந்தக் குழாயாலும் மீட்க முடியாது. ஆனால் பானட்டுக்குள் தேங்கும் சூட்டினால் வரும் கூடுதல் இழப்பை மீட்க முடியும். வண்டியின் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த வெளிக்காற்றை ஒரு குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுவந்து அதை மீட்பது பற்றியது மட்டுமே இந்தக் கட்டுரை.

காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு கூடும். வெளியே 20 பாகை குளிர்ந்த காற்று இருக்கும்போது எஞ்சின் தன் பக்கத்தில் 55 பாகையில் கொதிக்கும் காற்றை உறிஞ்சினால், அடர்த்தியில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் வீணாகிறது. உறிஞ்சு குழாய்களும் சிலிண்டர் சுவர்களும் உள்ளே வரும் காற்றை மீண்டும் சூடாக்குவதால், இந்த வேறுபாடு முழுவதும் திறனாக வெளிப்படாது. ஆயினும் அரசுப் பேருந்துக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து, வளைவின் நடுவில் மீண்டும் வேகமெடுக்க வேண்டிய வேளையில், அந்தச் சில விழுக்காடுகளை வலது காலில் தெளிவாக உணரலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. நீண்ட ஒயர் முனையில் உணர்வி பொருத்திய டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் முனையை ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் டேப் போட்டு ஒட்டி, ஒயரைப் பானட்டின் ஓரமாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் படித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமவெளியில் ஓடும்போது ஒரு முறை, பர்லியாறுக்கு மேல் ஏறும்போது ஒரு முறை, குன்னூர் பேருந்து நிலையத்து நெரிசலில் நிற்கும்போது ஒரு முறை எனக் குறித்து, ஒவ்வொன்றிலும் வெளிக்காற்றின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். வேகமாக ஓடும்போது வேறுபாடு சிறிதாகவும், ஊர்ந்து ஏறும்போது பெரிதாகவும் இருந்தால் இந்த வேலை உங்கள் காருக்குப் பயன் தரும். எப்போதும் ஐந்தாறு பாகைக்குள் இருந்தால் உற்பத்தியாளர் வைத்த அமைப்பே போதுமானது. அதைத் தொட வேண்டியதில்லை.

அளந்த பிறகு, இருப்பதைச் சோதியுங்கள். பழைய கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயிலிருந்து முன்பக்கம் நோக்கிப் போகும் பிளாஸ்டிக் குழாய் ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது கழற்றப்பட்டு, திரும்பப் பொருத்தப்படாமலேயே காணாமல் போயிருப்பது மிகச் சாதாரணம். கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) உள்ள கார்கள் பலவற்றில் புகைபோக்கி மேனிஃபோல்டின் (எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) அருகிலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் இன்னொரு குழாயும், இரண்டுக்கும் இடையே மாறும் ஒரு மடலும் உண்டு. அந்த மடல் சூட்டுப் பக்கமாகவே சிக்கிக்கொண்டிருந்தால், அதைச் சுத்தம் செய்து அசையவிடுவதே பாதி வேலையை முடித்துவிடும். பயனற்றது என்று எண்ணி அந்தச் சூட்டுக் குழாயை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டாம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்பரேட்டரின் குறுகிய தொண்டைப்பகுதி வெகுவாகக் குளிர்கிறது. டிசம்பர், சனவரி மாதங்களின் ஈரமான மூடுபனியில் அங்கே பனிக்கட்டி படிந்து எஞ்சின் நின்றுபோகக்கூடும். அதைத் தடுக்கவே அந்தக் குழாய் வைக்கப்பட்டிருக்கிறது. உறைபனி விழும் நம் ஊரில் அது தேவையான பாகம்.

இனி, எதைச் செய்யக்கூடாது என்பது. ஏர் ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டு, கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரை எஞ்சின் பக்கத்தில் மாட்டுவது இளைஞர்களிடையே பரவலாக இருக்கிறது. ஓசை பெரிதாகிறது; ஆனால் அந்த ஃபில்டர் உறிஞ்சுவது ரேடியேட்டரின் பின்னாலிருந்து வரும் சூடான காற்றைத்தான். மலையில் அது இழப்பே. அதோடு, எஞ்சினின் ஆவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பிரீதர் குழாய் அந்தப் பெட்டியில்தான் சேர்கிறது. பெட்டி போனால் அந்தக் குழாய் அந்தரத்தில் நின்று, எண்ணெய் ஆவியை வெளியே கக்கும். எனவே நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஃபில்டருக்குப் பின்னால், அதாவது ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பாதையில், எதையும் தொடாதீர்கள்; ஃபில்டருக்கு முன்னால், அதாவது வெளியிலிருந்து காற்று ஃபில்டருக்கு வரும் பாதையை மட்டும் மாற்றுங்கள். முன்னால் உள்ள குழாயில் ஒரு விரிசல் இருந்தால் சிறிது சூடான காற்று கலக்கும், அவ்வளவுதான். பின்னால் உள்ள குழாயில் ஒரு விரிசல் இருந்தால் சாலைத் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்குகளைத் தேய்க்கும். காற்றோட்டத்தை அளக்கும் உணர்வி ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இருக்கும் கார்களில், அந்தக் குழாயின் விட்டத்தை மாற்றினாலே அளவு பிழைத்துவிடும்.

குழாயின் அளவைக் கணக்கிடுவது எளிது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். ஆகவே ஒரு லிட்டர் எஞ்சின், எடுத்துக்காட்டாகப் பழைய மாருதி ஜென்னின் 993 சிசி எஞ்சின், நிமிடத்துக்கு 5,000 சுற்றில் சிலிண்டர்கள் முழுவதும் நிரம்புவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 35 லிட்டர் காற்றை எடுக்கும். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள குழாயில் இது நொடிக்குச் சுமார் 18 மீட்டர் வேகத்தில் பாயும். குறுகிய, வளைவு குறைந்த பாதைக்கு இது போதும். வன்பொருள் கடைகளில் கிடைக்கும் 63 மில்லிமீட்டர் குழாய் இன்னும் தாராளமானது. அதற்கு மேல் பெரிதாக்குவதால் இடம்தான் அடைபடும். வண்டியின் வேகத்தாலேயே காற்று உள்ளே அழுத்தித் தள்ளப்படும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம்: மணிக்கு 60 கிலோமீட்டரில்கூட அந்தக் கூடுதல் அழுத்தம் உதகையின் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கை எட்டாது. நமக்கு வேண்டியது குளிர்ச்சி, அழுத்தமன்று.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது சூட்டை நினைவில் கொள்ளுங்கள். சாதாரண பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும். ஆகவே அதை ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள குளிர்ந்த பகுதியில் மட்டும் பயன்படுத்தலாம். எஞ்சின் பக்கத்தில் வரும் பகுதிக்குப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் காற்றுக் குழாயே ஏற்றது. பெரிய வண்டிகளின் ஏர் ஃபில்டர் ஹோஸ்களில் நேரான துண்டுகளும் வளைந்த துண்டுகளும் கிடைக்கும். வாங்கும்போது உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். உதிரும் ரப்பர் வேண்டாம். இவற்றோடு இரண்டு மூன்று ஹோஸ் கிளிப்புகள், ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, கதவு ஓரங்களில் பொருத்தும் ரப்பர் பீடிங், ஐந்தாறு மில்லிமீட்டர் கண்ணுள்ள எஃகு வலை, சில போல்ட்டுகள் ஆகியவை போதும்.

காற்று நுழையும் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதே முழு வேலையின் உயிர்நாடி. கிரில்லின் பின்னால், ரேடியேட்டரின் மேல் மூலைக்கு அருகே, முகப்பு விளக்கின் மையத்துக்குக் கீழே போகாமல் வையுங்கள். பம்பரின் அடியிலோ பனிவிளக்குத் துளையிலோ வைத்தால் காற்று இன்னும் குளிர்ச்சியாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளின் குறுக்கே ஓடை பாயும்போதும், தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கம் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போதும், முன்சக்கரங்கள் கிளப்பும் அலை அந்த உயரத்துக்கு எளிதில் வந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அதை பிஸ்டனால் அழுத்த இயலாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகும். மலையில் இந்த ஆபத்துக்கு முன்னால் வேறெந்தப் பயனும் பெரிதன்று.

வாயின் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, எஃகு வலையை அதில் பொருத்துங்கள். கற்பூர மரத்தின் இலைகளும் சில்வர் ஓக் சருகுகளும் இங்கே ஆண்டு முழுவதும் உதிர்கின்றன. வலை இல்லாவிட்டால் பெட்டி நிறைந்துவிடும். கொசுவலை போன்ற நுண்ணிய வலை வேண்டாம், அது மழையில் நீர்ப்படலம் பூத்து அடைத்துக்கொள்ளும். வாயிலிருந்து குழாய் முதலில் மேலேறி, பிறகு பெட்டிக்கு இறங்குமாறு வழியமையுங்கள். குழாயின் தாழ்வான இடத்திலும் பெட்டியின் அழுக்குப் பக்கத்து (ஃபில்டருக்கு முன்னாலுள்ள பக்கம்) அடியிலும் ஆறு மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்று இடுங்கள். உள்ளே வரும் ஈரம் அவ்வழியே வடிந்துவிடும். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் துளை கூடவே கூடாது.

கார்பரேட்டர் கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டி பெரும்பாலும் எஞ்சின் மேலேயே அமர்ந்திருக்கும். எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டுகளில் ஆடும்போது அதுவும் ஆடும். குழாயின் முன்முனை வண்டியின் உடலோடு இறுகப் பொருத்தப்படுவதால், நடுவில் ஒரு சாண் நீளமாவது நெளியும் ரப்பர் துண்டு இருக்க வேண்டும். இல்லையெனில் சில வாரங்களில் பெட்டியின் வாய் வெடித்துவிடும். ஃபேன், பெல்ட், பேட்டரி முனைகள், பானட்டின் தாழ்ப்பாள் ஆகியவற்றிலிருந்து விரலளவு இடைவெளியாவது விடுங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை வெட்டாமல் இருக்கிற துளைகளையே பயன்படுத்துங்கள். மோதலைத் தாங்கும் பகுதி அது.

குழாய் பொருத்தியபின் அலுமினியத் தகட்டை வளைத்து, மேனிஃபோல்டுக்கும் பெட்டிக்கும் இடையே சுவராக நிறுத்துங்கள். தகடு பெட்டியைத் தொடாமல் இரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும். இடையிலுள்ள காற்றே சூட்டைத் தடுக்கும். வெட்டிய ஓரங்களில் பீடிங் மாட்டினால் ஒயர்கள் அறுபடா. ரேடியேட்டரின் மேலும் பக்கங்களிலும் இடைவெளி இருந்தால், நின்றுகொண்டிருக்கும்போது சூடான காற்று அதன் வழியே முன்னால் சுற்றிவந்து நம் குழாய்க்குள்ளேயே நுழையும். அங்கே ரப்பர் தாளை மடித்துச் செருகிவிடுங்கள். ரேடியேட்டருக்கும் அது நல்லது.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, தோட்டத்துக் குழாயால் கிரில்லின் மேல் மழைபோல நீர் தெளியுங்கள். வாய்க்குள் நேராகப் பாய்ச்ச வேண்டாம். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் தாள் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் வாயை மேலும் சாய்த்து மறைப்பு வைத்து, மீண்டும் சோதியுங்கள். அதன்பின் முன்பு அளந்த அதே இடங்களில் வெப்பத்தை அளந்து ஒப்பிடுங்கள். கார்பரேட்டர் வண்டியில் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். மெல்லிய காற்றில் பெட்ரோல் விகிதம் கூடுவதால் மலை வண்டிகளின் பிளக் கரியாக இருப்பது வழக்கம். அது பழுப்பை நோக்கி மாறினால் நல்ல அறிகுறி, வெளுத்துப்போனால் கலவையை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அளவுகளிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஃபில்டர், பிரீதர், புகை அமைப்பு ஆகியவற்றைத் தொடாமல், கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும்படி இந்த வேலையைச் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய குழாயைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த புகைச் சான்றிதழ்ப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு முன்பைவிடக் கூடியிருந்தால், அதை மீண்டும் மாட்டிக் காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டு பருவமழைகளுக்கும் முன்னால் ஒரு முறை வலையைக் கழற்றி இலைகளை நீக்கி, வடிதுளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் நிறுத்தும் வண்டிகளில் குளிர்காலத்தில் எலிகள் பெட்டிக்குள் கூடு கட்டும். சில நாட்கள் ஓட்டாமல் வைத்திருந்த வண்டியைக் கிளப்புமுன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.