ரத்தக்கட்டுக்கு வீட்டு வைத்தியம்: ஒத்தடமும் ஆர்னிகாவும் எதற்குப் பின் எது

மேசை விளிம்பில் தொடையை இடித்துக்கொண்டேன். அன்றிரவே வெந்நீர்ப் பை வைத்து, எண்ணெய் போட்டு நன்றாக உருவியும் விட்டேன். படுக்கப் போகும்போது இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்த இடம், காலையில் உள்ளங்கை அளவுக்குக் கருநீலமாகப் பரவியிருந்தது. முழுதாக மறைய 3 வாரம் ஆயிற்று. பிறகு ஒருமுறை முழங்கையில் அடிபட்டபோது செய்யும் வரிசையை மாற்றினேன். 10 நாளில் தடம் தெரியவில்லை. இரண்டு அடியும் ஒரே மாதிரி இல்லைதான். ஆனாலும் அந்த முதல் இரவு நான் செய்தது தவறு என்று இப்போது உறுதியாகத் தெரியும்.

தொடங்கும் முன் ஒன்று. தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால், கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய்ப் பார்வை மங்கினால், மூட்டை அசைக்க முடியாவிட்டால், வீக்கம் கல் மாதிரி இறுகி அதற்குக் கீழே மரத்துப்போனால், நேராக மருத்துவரிடம் போங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அடியே படாமல் அடிக்கடி ரத்தம் கட்டுபவர்களும் அப்படித்தான். கீழே இருப்பது சாதாரண இடிக்கு மட்டும்.

படி 1: குளிர் ஒத்தடம்

தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிவதுதான் ரத்தக்கட்டு. குளிர் பட்டால் குழாய்கள் சுருங்கும், கசிவு குறையும். 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், எடுத்துவிடுங்கள்; ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. முதல் 2 நாளுக்கு இதுதான் முக்கிய வேலை.

கடையில் விற்கும் ஜெல் பேக்கைவிட, பொடித்த ஐஸோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பைதான் எனக்குப் பிடிக்கும். முழங்கை, கணுக்கால் எங்கே வைத்தாலும் வளைந்து படியும். தண்ணீரும் ஐஸும் கலந்திருக்கும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக் அதைவிடக் குளிர்ந்திருக்கும், தோலைச் சுட்டுவிடும். எதுவானாலும் நடுவில் ஒரு துணி வேண்டும்.

படி 2: தூக்கி வையுங்கள்

கையோ காலோ, இதயத்தைவிட உயரத்தில் தலையணை மேல் இருக்கட்டும். கிரேப் பேண்டேஜ் சுற்றலாம். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும், கசிவு கூடும். ஆனால் இதயத்துக்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: சூடு எப்போது

நான் சறுக்கிய இடம் இதுதான். வெந்நீர் ஒத்தடம் நல்லதுதான், ஆனால் 48 மணி நேரத்துக்குப் பிறகு. சூடு குழாய்களை விரிக்கும். அடைபடாத குழாய் விரிந்தால் இன்னும் கசியும். அடைபட்ட பிறகு அதே சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, தேங்கியதை உடல் அப்புறப்படுத்த உதவும். ஆகவே மணியைப் பார்ப்பதோடு, புறங்கையை வைத்துப் பாருங்கள். அடிபட்ட இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருந்தாலோ, வீக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலோ காத்திருங்கள்.

உருவி விடுவதும் அப்படியே. முதல் சில நாள் கையே வைக்காதீர்கள். தொடை மாதிரி பெரிய தசையில் பலத்த அடி விழுந்திருந்தால், அவசரப்பட்டு அழுத்தித் தேய்ப்பது தசைக்குள் எலும்பு போன்ற கட்டி உருவாகும் அபாயத்தையும் கூட்டும். வலிக்கிற இடத்தில் கை தானாகப் போய்த் தேய்க்கும், தெரியும். அதை அடக்குவதுதான் இந்த வைத்தியத்தில் கடினமான பகுதி.

படி 4: ஆர்னிகா

ஆர்னிகா மொன்டானா ஐரோப்பிய மலைகளில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூச்செடி. பெயர் ஒன்று, கடையில் கிடைக்கும் பொருள் இரண்டு: செடியின் சாறு சேர்ந்த ஜெல் அல்லது களிம்பு ஒன்று, ஹோமியோபதி உருண்டைகள் இன்னொன்று.

ஹோமியோபதி 1796-ல் ஜெர்மனியில் சாமுவேல் ஹானிமன் தொடங்கிய முறை. புட்டியில் 30 சி என்றிருந்தால், 100 மடங்கு நீர்த்தலை 30 தடவை செய்திருக்கிறார்கள். 12 சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் சந்தேகம். 2003-ல் மணிக்கட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு 6 சி, 30 சி ஆர்னிகா கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட வலியும் ரத்தக்கட்டும் குறையவில்லை. 2010-ல் வேறொரு ஆய்வில், லேசரால் ஏற்படுத்திய ரத்தக்கட்டு மேல் 20 சதவீத ஆர்னிகாக் களிம்பைத் தடவியபோது வெறும் வாசலினைவிடச் சீக்கிரம் ஆறியது. 16 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, வேறு ஆய்வுகளில் பலன் தெரியாததும் உண்டு. நான் ஜெல் வாங்குகிறேன், உருண்டை வாங்குவதில்லை.

களிம்பைவிட ஜெல் மேல். அழுத்தித் தேய்க்காமலே பரவும். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை, மெல்லிய பூச்சாக. சிராய்ப்பு, வெட்டு, வாய், கண் பக்கம் போகவே கூடாது. ஆர்னிகா மதர் டிங்சரை, அதாவது நீர்க்காத மூலச் சாற்றை, குடிக்காதீர்கள். அந்தச் செடியில் உள்ள ஹெலெனலின் உள்ளே போனால் நஞ்சு.

மற்றவை சுருக்கமாக. விட்ச் ஹேசல் என்ற செடியிலிருந்து எடுக்கும் நீர் தோலுக்கு இதமாக இருக்கும். காம்ஃப்ரே களிம்பு வலியைக் குறைக்கும், ஆனால் அந்தச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் பொருள் உண்டு; காயமில்லாத தோலில் மட்டும், கொஞ்ச நாளைக்கு மட்டும். கற்றாழை குளுமைக்குச் சரி, ரத்தக்கட்டைக் கரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: பச்சையாக மாறுகிறதே, சீழ் பிடிக்கிறதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டின் என்ற பொருள் ஆகும்போது பச்சை. அது பிலிரூபின் ஆகும்போது மஞ்சள், காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பொருள். ஆறுகிறது என்று அர்த்தம். தொடையில் பட்டது சில நாள் கழித்து முழங்காலுக்கு இறங்கித் தெரிவதும் சகஜம், ரத்தம் கீழ்நோக்கி வழிகிறது, அவ்வளவுதான். சீழ் என்றால் சூடும் வலியும் நாளுக்கு நாள் கூடும், காய்ச்சல் வரும்.

பின்சேர்க்கை 2: ஜெல் தடவிய இடம் தடித்து அரிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சாமந்தி, சூரியகாந்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆர்னிகாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கழுவிவிட்டு நிறுத்துங்கள். முதல்முறை தடவுபவர்கள் முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.